சாமுவேல் கோல்ட்

சாமுவேல் கோல்ட் (ஜூலை 19, 1814 – ஜனவரி 10, 1862) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். சுழலும் உருளையைக் கொண்ட ரிவால்வர் என்னும் கைத்துப்பாக்கியை நடைமுறைக்கு உகந்த கருவியாக மாற்றி, அதனை இயந்திரங்களின் துணையுடன் பெருந்தொகையில் உற்பத்தி செய்தவர் என்ற வகையில் இவர் அறியப்படுகிறார். சுழல் துப்பாக்கியை முதன்முதலில் எண்ணியவர் இவரல்லர். இவருக்கு முன்னரே பல நாடுகளில் பலர் அதனை முயன்றுள்ளனர். ஆனால் உருளையைத் தானாகச் சுழலச் செய்து, ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்ததும் அதனை உறுதியாகப் பூட்டி நிறுத்தும் பொறியமைப்புக்குக் காப்புரிமம் பெற்று, அதனைச் சந்தைக்குக் கொண்டு வந்தவர் இவரே.

கோல்ட்டின் வாழ்க்கையில் ஏற்பட்ட வெற்றிகளும் தோல்விகளும் பெரும்பாலும் இந்த உருளையைச் சார்ந்தே அமைந்தன. சோதனை மாதிரி வெடித்தது, முதல் நிறுவனம் மூடப்பட்டது, இராணுவத்துக்கு வழங்கிய துப்பாக்கிகளின் உருளைகள் பிளந்தது, இறுதியில் உலகின் பெரிய தனியார் துப்பாக்கித் தொழிற்சாலைகளுள் ஒன்றை எழுப்பியது ஆகிய அனைத்தும் அந்த ஓர் உறுப்பின் வரலாறாகவும் உள்ளன.

இளமைக்காலம்

கோல்ட் கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பிறந்தார். தந்தை கிறிஸ்டோபர் கோல்ட் ஒரு வணிகர். தாய் சாரா கால்டுவெல். கோல்ட்டுக்கு ஆறு வயதாக இருக்கும்போது தாய் காசநோயால் இறந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தந்தை ஒலிவியா சார்ஜன்ட் என்பவரை மறுமணம் செய்துகொண்டார்.

பதினோராவது வயதில் கிளாஸ்டன்பரி என்னும் ஊரில் ஒரு விவசாயியிடம் ஒப்பந்த அடிப்படையில் வேலைக்கு அனுப்பப்பட்டார். அங்கு பண்ணை வேலைகளைச் செய்துகொண்டே பள்ளிக்கும் சென்றார். அங்கு கிடைத்த அறிவியல் தொகுப்பு நூல் ஒன்று மின்கலம், வெடிமருந்து, நீராவிக் கப்பல் ஆகியவற்றைப் பற்றிய ஆர்வத்தை இவருக்கு ஊட்டியது.

1829 இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வேர் என்னும் ஊரில் தந்தையின் துணி ஆலையில் சேர்ந்தார். அவ்வாண்டு ஜூலை 4 ஆம் நாள் மின்சாரத்தால் நீருக்கடியில் வெடியை வெடிக்கச் செய்து, குளத்தில் மிதக்கும் ஒரு தெப்பத்தைத் தகர்த்துக் காட்டப்போவதாக ஊராருக்கு அறிவித்தார். வெடி வெடித்தது. ஆனால் தெப்பம் தகரவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மீது சேறும் நீரும் வாரி இறைக்கப்பட்டன. சினங்கொண்ட கூட்டத்திடமிருந்து எலிஷா ரூட் என்னும் இளம் இயந்திரத் தொழிலாளி இவரைக் காப்பாற்றியதாகக் கூறப்படுகிறது. இந்த ரூட் பிற்காலத்தில் கோல்ட்டின் தொழிற்சாலையை வடிவமைத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அதன் பின்னர் ஆம்ஹர்ஸ்ட் கல்விக்கூடத்தில் சேர்க்கப்பட்டார். 1830 ஜூலை 4 கொண்டாட்டத்தின்போது இவர் செய்த வெடி வேடிக்கையால் தீப்பற்றியதைத் தொடர்ந்து இவரது பள்ளிப் படிப்பு முடிவுக்கு வந்தது. மகனை மாலுமி ஆக்கிவிடலாம் என்று தந்தை முடிவு செய்தார்.

கல்கத்தாப் பயணம்

1830 இல், தமது பதினாறாவது வயதில், கோர்வோ என்னும் பாய்மரக் கப்பலில் கோல்ட் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். அக்கப்பல் இலண்டன் வழியாகக் கல்கத்தாவுக்குச் சென்றது. இப்பயணத்தின்போதுதான் சுழல் உருளைக்கான எண்ணம் இவருக்குத் தோன்றியது எனவும், கப்பலிலேயே மரத்துண்டுகளைச் செதுக்கி ஒரு மாதிரியைச் செய்தார் எனவும் வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அம்மர மாதிரியின் பகுதிகள் ஹார்ட்ஃபோர்ட் நகரின் வாட்ஸ்வர்த் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

அந்த எண்ணம் எவ்வாறு தோன்றியது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கப்பலின் சுக்கான் சக்கரத்தைச் சுழற்றும்போது அதன் ஆரக்கால் ஒவ்வொன்றும் ஒரு தடைக்கட்டைக்கு நேராக வந்து நிற்பதைக் கண்டு இதனைக் கண்டறிந்தார் என்பது பரவலாக வழங்கும் கதையாகும். நங்கூரம் இழுக்கும் உருளைப்பொறியைக் கண்டு கற்றார் என வேறு சிலர் கூறுவர்.

இவ்விடத்தில் இந்தியாவுடன் தொடர்புடைய மற்றொரு செய்தியும் உண்டு. எலிஷா காலியர் என்னும் அமெரிக்கர் 1818 இல் இங்கிலாந்தில் காப்புரிமம் பெற்ற சுழல் துப்பாக்கி ஒன்று அக்காலத்தில் இலண்டனில் செய்யப்பட்டு, இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையினரிடையே புழக்கத்தில் இருந்தது. கோல்ட் அதனை இலண்டனிலோ கல்கத்தாவிலோ பார்த்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். தாம் கண்டுபிடித்தபோது முந்தைய முயற்சிகள் எதனையும் அறிந்திருக்கவில்லை என்றே கோல்ட் பிற்காலத்தில் கூறி வந்தார்.

சிரிப்பு வாயுக் காட்சிகள்

கடற்பயணத்திலிருந்து திரும்பிய பின் தந்தையின் பண உதவியுடன் ஒரு கைத்துப்பாக்கியையும் ஒரு நீள் துப்பாக்கியையும் செய்வித்தார். கைத்துப்பாக்கி முதல் முறை சுட்டபோதே வெடித்துச் சிதறியது. நீள் துப்பாக்கி நன்கு இயங்கியது. இதன் பின்னர் மேலும் பணம் தரத் தந்தை மறுத்துவிட்டார்.

எனவே பொருளீட்டுவதற்கு கோல்ட் வேறு வழியைத் தேடினார். நைட்ரசு ஆக்சைடு எனப்படும் சிரிப்பு வாயுவை ஆலை வேதியியலாளர் ஒருவரிடமிருந்து அறிந்திருந்த இவர், 1832 முதல் வண்டியில் வாயுக் கருவியை ஏற்றிக்கொண்டு ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராகச் சென்று காட்சிகள் நடத்தினார். விளம்பரங்களில் தம் குடும்பப் பெயரைச் சிறிது மாற்றி, நியூயார்க், இலண்டன், கல்கத்தா ஆகிய நகரங்களின் புகழ்பெற்ற டாக்டர் கூல்ட் எனத் தம்மை அழைத்துக்கொண்டார். இவர் மருத்துவர் அல்லர். கல்கத்தாவில் மாலுமியாகச் சில காலம் கரையிறங்கியதே அந்நகருடன் இவருக்கிருந்த தொடர்பு ஆகும்.

இக்காட்சிகளில் ஈட்டிய பணத்தைக் கொண்டு ஹார்ட்ஃபோர்ட்டின் ஆன்சன் சேஸ், பால்டிமோரின் ஜான் பியர்சன் ஆகிய துப்பாக்கிக் கம்மியர்களிடம் மாதிரிகளைச் செய்வித்தார். கோல்ட் வடிவத்தை எண்ணினார். உலோகத்தில் அதனைச் செய்து, திருத்தி, இயங்க வைத்தவர்கள் இவர்களே. கூலி பல சமயங்களில் தாமதமாகவே அவர்களுக்குக் கிடைத்தது.

உருளைச் சிக்கல்

கோல்ட் தீர்த்த சிக்கலைப் புரிந்துகொள்ள முந்தைய நிலையை அறிதல் வேண்டும். அக்காலத்துத் துப்பாக்கியை ஒரு முறை சுட்டால், மீண்டும் மருந்தும் குண்டும் திணித்த பின்னரே அடுத்த முறை சுட இயலும். பல முறை சுடுவதற்குப் பல குழல்களை ஒன்றாகக் கட்டினால் துப்பாக்கி மிகவும் கனமாகிவிடும். மாற்றாக, ஒரே குழலை வைத்துக்கொண்டு அதன் பின்னால் பல அறைகள் கொண்ட உருளை ஒன்றைச் சுழலச் செய்யலாம். இதில் மூன்று இடர்ப்பாடுகள் இருந்தன.

முதலாவது, அறை குழலுக்கு மிகச் சரியாக நேராக நிற்க வேண்டும். சிறிது விலகினாலும் குண்டு குழலின் விளிம்பில் மோதிச் சிதறும். இரண்டாவது, உருளைக்கும் குழலுக்கும் இடையே இடைவெளி இன்றியமையாதது. இடைவெளி இல்லாவிடில் உருளை சுழலாது. அதிகமானால் எரிவாயு பக்கவாட்டில் பீறிடும். மூன்றாவது, ஓர் அறையில் எழும் தீ அடுத்த அறைகளுக்குத் தாவி, பல அறைகள் ஒரே நேரத்தில் வெடிக்கக்கூடும். குழலுக்கு நேராக இல்லாத அறை வெடித்தால் சுடுபவரின் கையே சிதைந்து போகும்.

காலியரின் துப்பாக்கியில் உருளையைக் கையால் திருப்ப வேண்டியிருந்தது. கோல்ட்டின் அமைப்பில் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும் ஒரே செயலில் அனைத்தும் நிகழ்ந்தன. சுத்தியல் பின்னால் நகரத் தொடங்கியதும், உருளையைப் பூட்டியிருக்கும் தாழ் கீழே இறங்கி உருளையை விடுவிக்கிறது. சுத்தியலுடன் இணைந்த உந்துகோல் மேலெழுந்து, உருளையின் பின்புறத்தில் உள்ள பற்களில் ஒன்றைத் தள்ளுகிறது. மிதிவண்டியின் பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீலைப் போன்று இப்பற்கள் ஒரு திசையில் மட்டுமே தள்ளப்படும் வகையில் சாய்வாக வெட்டப்பட்டவை. ஆறு அறைகள் கொண்ட உருளை இவ்வாறு 60 பாகை சுழன்றதும், தாழ் மீண்டும் மேலெழுந்து உருளையின் புறப்பரப்பில் வெட்டப்பட்ட பள்ளத்தில் விழுந்து அதனைப் பூட்டுகிறது.

தீ தாவுவதைத் தடுக்கவும் கோல்ட் வழி கண்டார். அறைகளைப் பற்றவைப்பதற்கு ஒவ்வோர் அறையின் பின்னும் ஒரு சிறு காம்பு உண்டு. அதன் மீது, தீபாவளித் துப்பாக்கியில் வைக்கும் கேப்பைப் போன்று அடித்தால் பொறி தரும் மருந்தைக் கொண்ட செப்பு மூடி பொருத்தப்படும். இக்காம்புகளுக்கு இடையே கோல்ட் தடுப்புச் சுவர்களை அமைத்தார்.

1835 இல் இங்கிலாந்திலும் பின்னர் பிரான்சிலும் காப்புரிமம் பெற்றார். வேறு நாட்டில் முன்னரே காப்புரிமம் பெற்ற கருவிக்கு இங்கிலாந்தில் உரிமம் கிடைக்காது என்பதனால் முதலில் அங்கு சென்றார். ஐக்கிய அமெரிக்கக் காப்புரிமம் பிப்ரவரி 25, 1836 அன்று வழங்கப்பட்டது. அப்போது இவருக்கு வயது 21.

பாட்டர்சன் நிறுவனத்தின் தோல்வி

1836 இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பாட்டர்சன் நகரில் உறவினர்கள், முதலீட்டாளர்கள் ஆகியோரின் பணத்துடன் துப்பாக்கி உற்பத்தி நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கு செய்யப்பட்ட கைத்துப்பாக்கி ஐந்து அறைகளைக் கொண்டிருந்தது. தொடக்கத்தில் வந்தவற்றை மீண்டும் நிரப்புவதற்குக் குழலைக் கழற்றி உருளையை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. 1839 இல் குழலின் கீழே திணிகோல் ஒன்று சேர்க்கப்பட்ட பின்னரே கழற்றாமல் நிரப்ப முடிந்தது.

1837 இல் நடந்த இராணுவச் சோதனையில், இத்துப்பாக்கி பொதுப் பயன்பாட்டுக்கு மிகவும் சிக்கலானது என்ற முடிவே எட்டப்பட்டது. 1838 இல் புளோரிடாவில் செமினோல் பழங்குடியினருக்கு எதிரான போரில் ஈடுபட்டிருந்த படைப்பிரிவு ஒன்று சுழலுருளை கொண்ட நீள் துப்பாக்கிகள் ஐம்பதை வாங்கியது. அவை போரில் பயன்பட்டன. ஆனால் புதிய பொறியமைப்பைக் கண்டு வியந்த வீரர்கள் உள்ளே என்ன உள்ளது என்று அறியும் ஆவலில் அவற்றைக் கழற்றிப் பார்த்தனர். திருகாணித் தலைகள் தேய்ந்தன, உறுப்புகள் உடைந்தன, பல துப்பாக்கிகள் பயனற்றுப் போயின. பழுது நீக்கும் ஆற்றல் பயன்படுத்துவோரிடம் இல்லாதபோது நல்ல பொறியும் தோல்வியடையும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

டெக்சாஸ் குடியரசின் கடற்படை 1839 இல் 180 கைத்துப்பாக்கிகளை வாங்கியது. எனினும் இவ்விற்பனைகள் போதுமானவையாக இல்லை. 1842 இல் நிறுவனம் மூடப்பட்டது. அதுவரை மூவாயிரத்துக்கும் குறைவான கைத்துப்பாக்கிகளே உற்பத்தியாகியிருந்தன.

அடுத்த சில ஆண்டுகள் கோல்ட் துப்பாக்கித் தொழிலில் இல்லை. சிறுவயதில் வேர் குளத்தில் செய்த சோதனையை மீண்டும் கையிலெடுத்து, நீருக்கடியில் மின்சாரத்தால் வெடிக்கும் கண்ணிவெடியை உருவாக்கினார். 1844 ஏப்ரலில் போட்டோமாக் ஆற்றில் ஒரு கப்பலை அவ்வாறு தகர்த்தும் காட்டினார். ஆயினும் அரசு அதனை ஏற்கவில்லை. தந்தி முறையைக் கண்டறிந்த சாமுவேல் மோர்சுக்கு நீர்புகாத கம்பி வடங்களைச் செய்து தரும் பணியிலும் ஈடுபட்டார்.

வாக்கர் ரிவால்வர்

டெக்சாஸ் கடற்படை கலைக்கப்பட்ட பின் அதன் கைத்துப்பாக்கிகள் டெக்சாஸ் ரேஞ்சர் எனப்பட்ட குதிரைப்படையினரின் கைக்கு வந்தன. 1844 இல் ஜான் ஹேஸ் தலைமையில் சுமார் 15 ரேஞ்சர்கள், தம்மைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் இருந்த கொமாஞ்சிப் பழங்குடியினரை இத்துப்பாக்கிகளைக் கொண்டு எதிர்கொண்டு வென்றனர். அப்போரில் பங்கேற்றவர்களுள் ஒருவர் சாமுவேல் வாக்கர்.

மெக்சிகோவுடன் போர் மூண்டபோது, படைத் தலைவராக இருந்த வாக்கர் கோல்ட்டைத் தொடர்பு கொண்டார். இன்னும் வலிமையான, ஆறு அறைகள் கொண்ட துப்பாக்கி தேவை என்றார். 1847 ஜனவரியில் 1,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்போது கோல்ட்டிடம் தொழிற்சாலை இல்லை. பருத்திக் கடைசல் பொறியைக் கண்டறிந்த எலி விட்னியின் மகனுடைய ஆலையில் அவை செய்யப்பட்டன.

வாக்கர் ரிவால்வர் ஏறத்தாழ 2 கிலோகிராம் எடையுடையது. அதன் ஒவ்வோர் அறையும் 60 கிரெயின், அதாவது சுமார் 3.9 கிராம், கருமருந்தைக் கொள்ளும். இவ்வளவு மருந்தைத் தாங்கும் அளவுக்கு அக்கால உலோகம் உறுதியானதாக இல்லை. போர்க்களத்தில் உருளைகள் பிளந்தன. கணிசமான துப்பாக்கிகள் பழுது நீக்கத் திருப்பி அனுப்பப்பட்டன. மருந்தை அளவுக்கு மீறித் திணித்ததும், கூம்பு வடிவக் குண்டுகளைத் தலைகீழாக நுழைத்ததும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

மற்றொரு குறையும் தெரிய வந்தது. சுடும் அதிர்ச்சியில் திணிகோல் தன் பிடியிலிருந்து விடுபட்டுக் கீழே தொங்கும். அப்போது அதனுடன் இணைந்த தண்டு உருளையின் அறைக்குள் நுழைந்து, உருளையைச் சுழல விடாமல் முடக்கிவிடும். வீரர்கள் தோல்வாரால் திணிகோலைக் குழலுடன் கட்டி வைத்துச் சமாளித்தனர்.

1848 முதல் வெளிவந்த டிராகூன் ரிவால்வரில் இக்குறைகள் களையப்பட்டன. உருளையின் நீளம் குறைக்கப்பட்டு மருந்தின் அளவும் 50 கிரெயின் அளவுக்குக் குறைந்தது. திணிகோலின் நுனியில் உறுதியான கொக்கி அமைக்கப்பட்டது. ஆனால் இதனைக் காண வாக்கர் உயிருடன் இல்லை. அவர் 1847 அக்டோபரில் மெக்சிகோவின் உவாமாந்த்லா என்னும் இடத்தில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார்.

வாக்கர் ரிவால்வரின் உருளை மீது ரேஞ்சர்களும் பழங்குடியினரும் மோதும் காட்சி பொறிக்கப்பட்டிருந்தது. டெக்சாசில் பெயர் பெற்ற சண்டையை நினைவூட்டிய இப்பொறிப்பு, போலித் துப்பாக்கிகளை இனங்காணவும் உதவியது.

ஹார்ட்ஃபோர்ட் தொழிற்சாலை

மெக்சிகோப் போர் ஒப்பந்தத்தின் வருவாயைக் கொண்டு கோல்ட் தமது பிறந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார். 1849 இல் எலிஷா ரூட்டைத் தொழிற்சாலைக் கண்காணிப்பாளராக நியமித்தார். கனெடிகட் ஆற்றங்கரையின் வெள்ளச் சமவெளியை வாங்கி, அணை கட்டி, 1855 இல் பெரிய ஆலையை எழுப்பினார். தொழிலாளர் குடியிருப்புகளும் கூட்ட அரங்கும் அமைந்த அப்பகுதி கோல்ட்ஸ்வில் எனப்பட்டது. வேலை நேரம் நாளொன்றுக்குப் பத்து மணி. 1856 அளவில் நாளொன்றுக்கு 150 துப்பாக்கிகள் செய்யும் திறன் அங்கிருந்தது.

அதற்கு முன் ஒரு துப்பாக்கியின் உறுப்பு உடைந்தால், கம்மியர் ஒருவர் அதனை அரத்தால் அராவிப் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனி இயந்திரத்தில், அளவுமானிகளைக் கொண்டு ஒரே அளவில் வெட்டினால் இத்தொல்லை நீங்கும் என்ற கருத்து கோல்ட்டுக்கு முன்னரே அரசு படைக்கலச் சாலைகளில் வளர்ந்து வந்தது. ரூட்டும் கோல்ட்டும் அதனைத் தனியார் தொழிலில் பெரும் அளவில் செயல்படுத்தினர்.

ஆயினும் கோல்ட் துப்பாக்கிகளின் உறுப்புகள் முழுமையாக ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவை எனக் கூறுவது மிகையாகும். இயந்திரத்தில் வெட்டிய உறுப்புகளை இறுதியில் தொழிலாளர்கள் கையால் அராவிப் பொருத்தினர். பின் பிரித்து, உறுதியேற்றி, அதே துப்பாக்கிக்கே மீண்டும் சேர்ப்பதற்காகக் குழல், சட்டம், உருளை முதலிய முக்கிய உறுப்புகளில் ஒரே வரிசை எண் பொறிக்கப்பட்டது. பழைய கோல்ட் ரிவால்வரில் உருளையின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் வேறுபட்டால், உருளை எப்போதோ மாற்றப்பட்டுள்ளது என்பதை அருங்காட்சியகத்தார் இன்று அறிவது இதனாலேயே ஆகும்.

இத்தொழிற்சாலையில் பணிபுரிந்த பிரான்சிஸ் பிராட், ஏமோஸ் விட்னி ஆகிய இருவரும் 1860 இல் தொடங்கிய நிறுவனம் இயந்திரக் கருவித் துறையில் புகழ் பெற்றது.

உருளையில் தோன்றும் பழுதுகள்

கோல்ட்டின் அமைப்பு எளிமையானது எனினும், உந்துகோல், தாழ், உருளை, அச்சு ஆகிய நான்கும் ஒத்திசைந்தால் மட்டுமே செயற்படும். அக்காலக் கம்மியர்கள் அடிக்கடி எதிர்கொண்ட பழுதுகள் பின்வருமாறு:

உருளை சுழல மறுத்தல்: கருமருந்து எரிந்தபின் கெட்டியான கரி படியும். அது உருளையின் நடுவில் உள்ள அச்சில் படிந்தால் உருளை இறுகிவிடும். கோல்ட் அச்சின் மீது வரிப்பள்ளங்களை வெட்டினார். அவை மசகுக் கொழுப்பைத் தேக்கி வைப்பதுடன் கரிக்கும் இடம் தந்தன. வெடித்த செப்பு மூடியின் சில்லு சுத்தியலுக்கும் சட்டத்துக்கும் இடையே விழுந்தாலும் இயக்கம் முடங்கும். துப்பாக்கியைக் கழற்றி வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெயிடுவதே இதற்கான வழி.

முழுமையாகச் சுழலாமை: சுத்தியல் முழுதும் பின்னால் வந்த பின்னரும் தாழ் பள்ளத்தில் விழவில்லை எனில், உந்துகோலின் நுனி தேய்ந்துள்ளது அல்லது அதன் வில் தளர்ந்துள்ளது எனலாம். எல்லா அறைகளிலும் இக்குறை இருந்தால் பழுது உந்துகோலில் உள்ளது. ஓர் அறையில் மட்டும் இருந்தால் உருளையின் அந்தப் பல் தேய்ந்துள்ளது. உந்துகோலை மாற்றுவது எளிது. பற்கள் தேய்ந்த உருளையைச் சீர்படுத்துவது கடினம்.

அளவுக்கு மீறிச் சுழலுதல்: தாழின் வில் உடைந்தாலோ தாழின் தலை தேய்ந்தாலோ உருளை பள்ளத்தைத் தாண்டிச் செல்லும். சுத்தியலை வேகமாக இழுக்கும் பழக்கத்தால் பள்ளத்தின் விளிம்புகள் நசுங்குவதும் உண்டு.

இடைவெளிக் குறைபாடு: கோல்ட்டின் துப்பாக்கியில் குழல் ஓர் ஆப்பின் மூலமே அச்சுடன் இணைக்கப்பட்டிருந்தது. ஆப்பை மிகுதியாக அடித்தால் குழல் உருளையை அழுத்திப் பிடிக்கும். தளர விட்டால் இடைவெளி விரிந்து வாயு கசியும். அச்சே சட்டத்தில் ஆடத் தொடங்கினால் ஆப்பினால் பயனில்லை.

அறைச் சுவர் விரிசல்: இதற்குப் பழுது நீக்கம் இல்லை. உருளையையே மாற்ற வேண்டும். வாக்கர் ரிவால்வர்களின் வரலாறு உணர்த்துவது இதுவே.

இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின்படி, உரிமம் இன்றித் துப்பாக்கிகளைச் செய்வதும் விற்பதும் மட்டுமன்றிப் பழுது நீக்குவதும் குற்றமாகும்.

இலண்டனும் இந்தியாவும்

1851 இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் கோல்ட் தமது துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு அங்குள்ள குடிசார் பொறியாளர் நிறுவனத்தில் சுழல் துப்பாக்கிகளைப் பற்றி உரையாற்றினார். 1853 இல் தேம்ஸ் ஆற்றங்கரையில் பிம்லிக்கோ பகுதியில் ஆலை ஒன்றைத் திறந்தார். அங்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரிவால்வர்கள் செய்யப்பட்டன. சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது.

இங்கிலாந்தில் இவருக்குப் போட்டியாக இருந்தவர் ராபர்ட் ஆடம்ஸ். ஆடம்ஸின் துப்பாக்கியில் சட்டமும் குழலும் ஒரே இரும்புத் துண்டால் ஆனவை. எனவே ஆப்பு தளரும் தொல்லை அதில் இல்லை. அதன் விசையை அழுத்தினாலே உருளை சுழன்று சுடும். கோல்ட்டினது தொலைவில் துல்லியமாகச் சுட்டது, ஆடம்ஸினது நெருங்கிய சண்டையில் விரைவாகச் சுட்டது. 1857 இல் இந்தியாவில் எழுந்த கிளர்ச்சியின்போது ஆங்கிலேய அதிகாரிகள் இருவகைத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தினர். கோல்ட் மாலுமிச் சிறுவனாக வந்து சென்ற நாட்டில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குள் அவரது கருவி அந்நாட்டு மக்களுக்கு எதிராகவே திருப்பப்பட்டது. 1878 இல் இயற்றப்பட்ட படைக்கலச் சட்டம் இந்தியர்கள் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது.

காப்புரிம வழக்கும் அதன் விளைவும்

1851 இல் மாசச்சூசெட்ஸ் ஆர்ம்ஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் கோல்ட் வென்றார். இதனால் 1857 வரை அமெரிக்காவில் வேறு எவரும் இவ்வகை ரிவால்வரைச் செய்ய இயலவில்லை. காப்புரிமத்தை மேலும் நீட்டிக்க முயன்றபோது, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் துப்பாக்கிகளைப் பரிசளித்ததாக எழுந்த புகார் 1854 இல் விசாரிக்கப்பட்டது. நீட்டிப்பு கிடைக்கவில்லை.

இதற்கிடையில் ரோலின் ஒயிட் என்பவர், உருளையின் அறைகளைப் பின்பக்கம் வரை முழுவதும் துளைத்து, பின்புறத்திலிருந்து தோட்டாவை நுழைக்கும் முறைக்கு 1855 இல் காப்புரிமம் பெற்றார். இவர் முன்னர் கோல்ட் ஆலையில் பணியாற்றியவர். அவ்வுரிமத்தை ஸ்மித் அன்ட் வெஸ்ஸன் நிறுவனம் பெற்றுக்கொண்டு 1857 முதல் உலோகத் தோட்டா ரிவால்வர்களை விற்றது. காப்புரிமத்தால் போட்டியாளர்களைத் தடுத்து வளர்ந்த கோல்ட் நிறுவனம், மற்றொருவரின் காப்புரிமத்தால் 1869 வரை அம்முறையைக் கையாள முடியாமல் இருந்தது. அதன் புகழ்பெற்ற தோட்டா ரிவால்வர் கோல்ட் இறந்து பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1873 இல்தான் வெளிவந்தது.

மறைவும் மதிப்பீடும்

கோல்ட் 1856 ஜூன் 5 அன்று எலிசபெத் ஜார்விஸ் என்பவரை மணந்தார். பிள்ளைகளுள் கால்டுவெல் என்னும் மகன் மட்டுமே வளர்ந்து ஆளானார். கீல்வாத நோயால் நலிவுற்றிருந்த கோல்ட் 1862 ஜனவரி 10 அன்று தமது 47 ஆவது வயதில் ஹார்ட்ஃபோர்ட்டில் காலமானார். அவரது சொத்து மதிப்பு சுமார் 1.5 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது. 1864 இல் ஆலையின் பெரும்பகுதி தீக்கிரையானது. எலிசபெத் அதனை மீண்டும் கட்டி எழுப்பி, 1901 வரை நிறுவனத்தைத் தம் குடும்பத்தின் வசம் வைத்திருந்தார். 2021 இல் இந்நிறுவனத்தைச் செக் நாட்டு நிறுவனம் ஒன்று வாங்கியது. கோல்ட்ஸ்வில் பகுதியைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்க 2014 இல் சட்டம் இயற்றப்பட்டது.

பெருந்தொகை உற்பத்தி, வணிகப் பெயரை விளம்பரப்படுத்தல் ஆகியவற்றின் முன்னோடியாகக் கோல்ட் மதிக்கப்படுகிறார். எழுத்தாளர் மார்க் டுவைன் 1868 இல் அவரது ஆலையைப் பார்வையிட்டார். பின்னாளில் தாம் எழுதிய புதினம் ஒன்றின் நாயகனை அவ்வாலையின் கண்காணிப்பாளராகவே படைத்தார்.

அதே வேளை இவர் மீது கடுமையான விமர்சனங்களும் உள்ளன. கிரீமியப் போரின்போது எதிரெதிர் நாடுகளுக்கும் துப்பாக்கிகளை விற்றார். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூளும் வரை, அடிமை முறையை ஆதரித்த தென் மாநிலங்களுக்கும் விற்று வந்தார். இவரது துப்பாக்கியின் முதல் வெற்றிகள் செமினோல், கொமாஞ்சி ஆகிய பழங்குடியினர் தம் நிலத்தை இழந்த போர்களிலேயே கிடைத்தன. வாக்கர் ரிவால்வரின் உருளையில் பொறிக்கப்பட்ட காட்சி அதற்கு இன்றும் சான்றாக உள்ளது. கோல்ட்டின் பொறியியல் திறனைப் போற்றுவோர் அக்காட்சியையும் சேர்த்தே காண வேண்டியுள்ளது.